தாயார் பெயர் ரகசியமா? தொலைபேசி வழி வங்கிச் சேவையின் பலவீனம்

ஹைதராபாதின் கிழக்கே, தார்நாகாவிலிருந்து உப்பல் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஹப்சிகுடா. அபிசீனியாவிலிருந்து வந்து குடியேறிய "ஹப்ஷி' இனத்தாரால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். இன்று இப்பகுதியை நாடறியச் செய்பவை இங்குள்ள ஆய்வு நிறுவனங்கள். 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், சி.சி.எம்.பி. எனப்படும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இச்சாலையில்தான் உள்ளன. ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு ஒருவரது அடையாளத்தை உறுதி செய்யும் மரபணு ரேகைப் பரிசோதனையை இந்தியாவில் வேரூன்றச் செய்த விஞ்ஞானி லால்ஜி சிங் பணியாற்றியது சி.சி.எம்.பி.யில்தான்.

அதே ஹப்சிகுடாவில் குடியிருக்கும் ஒருவர் தமது வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தால், "நீங்கள்தான் அவர்' என்பதை மெய்ப்பிக்க அவரிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் மூன்று, நான்கு கேள்விகளே. பிறந்த தேதி என்ன? தாயார் பெயர் என்ன? பதிவு செய்துள்ள முகவரி எது? அஞ்சல் குறியீட்டு எண் என்ன? கடைசிக் கேள்விக்கு ஹப்சிகுடாவில் வசிக்கும் பல்லாயிரம் பேருக்கும் ஒரே விடைதான்: 500007.

வங்கி அட்டை மோசடிகள் குறித்துப் பேசும்போதெல்லாம் வாடிக்கையாளரின் அலட்சியமே காரணம் என்று கூறப்படுகிறது. ஆனால், பலரும் அறிந்த தகவல்களை ரகசியம் எனக் கருதி, அவற்றின் மீது பூட்டுப் போட்டிருக்கும் முறையைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை.

நூற்றாண்டு கடந்த கேள்வி: தாயாரின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரைக் கேட்கும் வழக்கம் அமெரிக்க வங்கிகளில் 19-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. பால்டிமோர் நகரில் இருந்த சேமிப்பு வங்கி ஒன்று 1882 முதலே இக்கேள்வியைப் பயன்படுத்தி வந்ததாக அதன் தலைவர் 1906-ல் விவரித்திருக்கிறார். கையெழுத்திடத் தெரியாதவர்களும், முகம் அறிமுகமில்லாதவர்களும் வங்கிக்கு நேரில் வந்த காலம் அது. பணம் கேட்பவர் எதிரே நிற்பார். தவறான விடை சொன்னால் பிடிபடுவார். அந்தச் சூழலில் அக்கேள்விக்கு ஓரளவு பயன் இருந்தது.

தொலைபேசியில் அந்த அச்சம் இல்லை. விடை தவறினால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சற்று நேரம் கழித்து மீண்டும் அழைக்கலாம். வேறொரு பணியாளர் பேசுவார், மீண்டும் முயலலாம்.

மேலும், இக்கேள்வி மேலை நாட்டுப் பெயர் வழக்கத்தை ஒட்டிப் பிறந்தது. திருமணத்துக்குப் பின் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடுவதால், பழைய பெயர் வெளியாருக்குத் தெரியாது என்பதே அதன் அடிப்படை. நம் நாட்டில் அது பல வங்கிகளின் விண்ணப்பப் படிவத்தில் வெறும் "தாயார் பெயர்' என்று சுருங்கிவிட்டது. தமிழர்களுக்கோ தந்தை பெயர் முன்னெழுத்திலேயே தொடங்கிவிடுகிறது. தெலுங்கு மக்களிடையே "இண்டிபேரு' எனப்படும் வீட்டுப் பெயர் ஊரறிந்தது. திருமண அழைப்பிதழில் இரு வீட்டாரின் பெற்றோர், பாட்டன் பாட்டி பெயர் வரை அச்சிட்டு நூற்றுக்கணக்கானோருக்கு வழங்கும் சமுதாயத்தில், தாயார் பெயரை ரகசியச் சொல்லாகக் கொள்வது பொருத்தமற்றது.

யாருக்குத் தெரியாது?: வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். வாக்காளரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் ஆகியன அதில் உள்ளன. ஜனநாயகத்தின் தேவை கருதி அது எவரும் பார்க்கக்கூடிய ஆவணமாக வைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு வைக்கப்படுவதே முறை. செல்போன் இணைப்புக்கும், வாடகை ஒப்பந்தத்துக்கும், விடுதி அறைக்கும் நாம் கொடுக்கும் அடையாள அட்டை நகல்களில் பிறந்த தேதியும் முகவரியும் இருக்கின்றன. பிறந்தநாள் வாழ்த்துகள் சமூக வலைத்தளங்களில் தேதியுடன் குவிகின்றன.

இவற்றைத் தேடி அலைய வேண்டிய அவசியம்கூட மோசடிக்காரர்களுக்கு இல்லை. தொகுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச் மாதம் ஹைதராபாதை ஒட்டிய சைபராபாத் மாநகரப் போலீஸார், 16.8 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்களைத் திருடி விற்றதாக ஒரு கும்பலைக் கைது செய்தனர். அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், மாணவர்கள், வங்கி வாடிக்கையாளர்கள் எனப் பலதரப்பினரின் விவரங்களும் அதில் இருந்ததாகப் போலீஸார் தெரிவித்தனர். அச்செய்தியின் பரபரப்பு அடங்குவதற்குள், அதே ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், 66.9 கோடிப் பேரின் விவரங்களை வைத்திருந்ததாக மற்றொருவரை அவர்கள் கைது செய்தனர். ஒருவரது விவரமே பலமுறை இடம்பெற்றிருக்க வாய்ப்புண்டு என்று கழித்துப் பார்த்தாலும், நாட்டு மக்கள் தொகையில் பெரும் பகுதியின் விவரங்கள் விலைக்குக் கிடைத்தன என்பதையே இவ்விரு வழக்குகளும் உணர்த்துகின்றன.

ரகசிய எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அட்டை தொலைந்தால் புதிய அட்டை பெறலாம். பிறந்த தேதியையும் தாயாரையும் எவரும் மாற்றிக்கொள்ள முடியாது. ஒருமுறை வெளியானால் அந்தப் பூட்டு ஆயுள் முழுவதும் திறந்தே கிடக்கும்.

உலகம் கண்ட பாடங்கள்: இது இந்தியாவின் சிக்கல் மட்டுமல்ல. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பாலினின் யாஹூ மின்னஞ்சல் கணக்குக்குள் கல்லூரி மாணவர் ஒருவர் நுழைந்தார். கணினி நுட்பம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய கேள்விகளுக்கு, பத்திரிகைகளிலும் இணையத்திலும் கிடைத்த தகவல்களைக் கொண்டே விடையளித்துக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்.

2015-ல் அமெரிக்க வருமான வரித் துறையின் இணையச் சேவையிலும் இதே கதை நடந்தது. வரி செலுத்துவோரின் சொந்த வாழ்க்கை தொடர்பான கேள்விகளுக்குச் சரியான விடை தந்தே மோசடிக்காரர்கள் அவர்களது வரிக் கணக்கு விவரங்களைப் பெற்றனர். முதலில் ஒரு லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை 7 லட்சத்தைத் தாண்டியது.

அதே 2015-ம் ஆண்டில் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. பிடித்த உணவு எது என்ற கேள்விக்கு ஆங்கிலம் பேசுவோர் அளித்த விடையை ஒரே ஊகத்தில் கண்டுபிடிக்க 19.7 சதவீத வாய்ப்பு இருந்தது. பிறந்த ஊர் எது என்ற கேள்விக்குக் கொரிய மொழி பேசுவோரின் விடையைப் பத்து முயற்சிகளில் ஊகிக்க 39 சதவீத வாய்ப்பு இருந்தது. மறுபுறம், ஆங்கிலம் பேசும் அமெரிக்கப் பயனாளர்களில் 40 சதவீதம் பேருக்குத் தாங்கள் முன்பு கொடுத்த விடையே தேவைப்பட்டபோது நினைவுக்கு வரவில்லை. திருடனுக்கு எளிதாகவும் உரியவருக்குக் கடினமாகவும் இருக்கும் இந்த முறையை, அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு நெறிமுறைகளில் ஏற்க மறுத்துவிட்டது.

கேட்பவரும் மனிதரே: தொலைபேசிச் சரிபார்ப்பில் மற்றொரு பலவீனமும் உண்டு. வாடிக்கையாளர் ரகசியத்தைச் சொல்லும்போது மறுமுனையில் அதை ஒரு மனிதர் கேட்கிறார்.

2005 ஏப்ரலில் புணேயில் வெளிவந்த மோசடி இதை நாட்டுக்கு உணர்த்தியது. அமெரிக்காவின் சிட்டி வங்கிக்காக எம்ஃபசிஸ் நிறுவனத்தின் கால் சென்டரில் பணியாற்றிய சிலர், தொலைபேசியில் பேசிய வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்று அவர்களது ரகசிய எண்களை அறிந்துகொண்டனர். பின்னர், போலிப் பெயர்களில் தொடங்கப்பட்ட கணக்குகளுக்குச் சுமார் மூன்றரை லட்சம் டாலர் மாற்றப்பட்டது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். 2006-ல் பெங்களூரில் எச்.எஸ்.பி.சி. வங்கியின் தகவல் மையப் பணியாளர் ஒருவர், பிரிட்டன் வாடிக்கையாளர்களின் விவரங்களை வெளியாருக்குக் கொடுத்ததாகக் கைது செய்யப்பட்டார். அதில் சுமார் 2.33 லட்சம் பவுண்டு பறிபோனது.

இவ்விரு நிகழ்வுகளையும் இந்தியக் கால் சென்டர்களின் மீதான களங்கமாக மேலை நாட்டுப் பத்திரிகைகள் அப்போது எழுதின. உண்மையில் அது தேசத்தைச் சார்ந்த குறையன்று; முறையைச் சார்ந்த குறை. முழு ரகசியத்தையும் வாய்விட்டுச் சொல்லவைக்கும் எந்த ஏற்பாடும், அதைக் கேட்பவரின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கிறது.

ரிசர்வ் வங்கியின் இரண்டாவது பூட்டு: இதில் இந்தியா பல வளர்ந்த நாடுகளை முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையில் அச்சிடப்பட்டுள்ள எண்களை மட்டும் கொண்டு இணையத்தில் பொருள் வாங்க முடியாதபடி, அட்டையில் இல்லாத மற்றொரு தகவலைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும் என்று 2009 பிப்ரவரி 18-ல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அது அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தானியங்கித் தொலைபேசி வழியாக அட்டையைப் பயன்படுத்தும் பரிவர்த்தனைகளுக்கும் 2011 தொடக்கத்தில் இது கட்டாயமாக்கப்பட்டது. செல்போனுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., இவ்வாறுதான் நம் அன்றாட வாழ்வில் நுழைந்தது. 2013 டிசம்பர் முதல் கடைகளில் பற்று அட்டையைத் தேய்க்கும்போதும் ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதாயிற்று. காந்தப் பட்டை அட்டைகளுக்குப் பதிலாகச் சிப் பொருத்திய அட்டைகளை வழங்க 2018 டிசம்பர் 31 வரை வங்கிகளுக்கு அவகாசம் அளிக்கப்பட்டது. 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் தங்கள் கணினிகளில் அட்டை எண்ணைச் சேமித்து வைப்பதும் தடை செய்யப்பட்டது.

இத்தகைய வங்கித் தொழில்நுட்ப ஆய்வுக்கென ரிசர்வ் வங்கி 1996-ல் நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி. எனும் நிறுவனம் ஹைதராபாதின் மாசாப் டேங்க் பகுதியில் இயங்குகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இயந்திரத்தின் பூட்டு இவ்வாறு வலுப்பெற்றதும், மோசடிக்காரர்கள் மனிதரின் பக்கம் திரும்பினர். ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா மாவட்டம் இத்தகைய தொலைபேசி மோசடிக்குப் பெயர்போனது இதன் தொடர்ச்சியே. வங்கி வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளை, வங்கியின் பெயரால் இவர்களே கேட்கத் தொடங்கினர்.

தலைகீழான சோதனை: ஹப்சிகுடாவில் ஓய்வூதியம் பெறும் ஒருவருக்கு இப்படியொரு அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். "சார், வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் அட்டையில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை நடந்துள்ளது. பாதுகாப்புக்காகச் சரிபார்க்க வேண்டும்' என்று மரியாதையுடன் தொடங்குகிறது பேச்சு. பிறந்த தேதியை அழைத்தவரே சொல்கிறார். முகவரியைச் சொல்கிறார். அட்டையின் முதல் ஆறு எண்களையும் சொல்லி, "மீதியை நீங்கள் சொல்லுங்கள் சார்' என்கிறார். இவ்வளவும் தெரிந்தவர் வங்கியைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார் என்று முதியவர் நம்புகிறார். அடுத்து ஓ.டி.பி. கேட்கப்படுகிறது.

அட்டையின் முதல் ஆறு எண்கள் வாடிக்கையாளரைக் குறிப்பவை அல்ல. எந்த வங்கி, எந்த வகை அட்டை என்பதைக் குறிப்பவை அவை. முதல் எண் 4 எனில் அது விசா அட்டை. ஒரே வங்கியின் ஒரே வகை அட்டை வைத்திருக்கும் அனைவருக்கும் அந்த ஆறு எண்களும் ஒன்றாகவே இருக்கும். வங்கியின் பெயரைத் தெரிந்துகொண்ட எவரும் அவற்றைச் சொல்லிவிட முடியும்.

பிறந்த தேதியையும் தாயார் பெயரையும் சொன்னால் போதும், அடையாளம் உறுதியாகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கியவை வங்கிகளே. அந்தப் பழக்கமே இப்போது மோசடிக்காரருக்கு மூலதனமாகிறது. வாடிக்கையாளர் தம்மை யாரென மெய்ப்பிக்க வேண்டும். அழைக்கும் வங்கியோ தன்னை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்ற ஒருவழிப் பாதையே இந்த மோசடியின் வேர்.

செல்போன் எண்ணே சாவி: ஓ.டி.பி. செல்போனுக்கு வருவதால், செல்போன் எண் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் கணக்கு இருக்கிறது. எனவே வாடிக்கையாளரின் சிம் அட்டைக்கு மாற்று அட்டை பெறுவதும், வங்கிக் கணக்கில் பதிவான செல்போன் எண்ணை மாற்றுவதும் மோசடிக்காரர்களின் அடுத்த இலக்குகள். இதைத் தடுக்க, மாற்று சிம் வழங்கிய பின் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். சேவையை நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை 2022-ல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சிம் மாற்றிய 7 நாள்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது.

உடல் அடையாளங்கள் இதற்கு மாற்றாகுமா? 2017-ல் பிரிட்டனில் எச்.எஸ்.பி.சி. வங்கியின் குரல் அடையாள முறையைச் சோதித்த பி.பி.சி. செய்தியாளர் ஒருவரின் கணக்குக்குள், அவரது இரட்டைச் சகோதரர் குரலைப் போலச் செய்து நுழைந்துவிட்டார். தெலங்கானாவிலேயே 2018-ல், பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் அட்டை விற்பனையாளர் ஒருவர், நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைக் கொண்டு ரப்பர் ரேகைகள் செய்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளுக்கு இணைப்புப் பெற்றதாகக் கைது செய்யப்பட்டார். தாயார் பெயரைப் போலவே கைரேகையும் ஒருமுறை பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் ரகசியம் ஆகாது என்பதே இதன் பாடம்.

இழப்பு யாருக்கு?: பணம் பறிபோனபின் எழும் கேள்வி, இழப்பை யார் ஏற்பது என்பதுதான். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கான வரையறைகளை வகுத்தது. குறை வங்கியுடையது எனில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறின்றி வேறெங்கோ குறை நேர்ந்திருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவரின் பொறுப்பு அதிகபட்சம் ரூ.10 ஆயிரம். புகார் வந்த 10 வேலை நாள்களுக்குள் தற்காலிகமாகப் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாள்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியைச் சார்ந்தது.

ஆனால், ரகசிய விவரங்களைப் பகிர்ந்துகொண்டது போன்ற அலட்சியம் வாடிக்கையாளருடையது எனில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவருடையதே என்றும் அச்சுற்றறிக்கை கூறியது. வங்கிகள் பெரும்பாலும் பற்றிக்கொள்வது இந்த ஒரு விதியைத்தான். ஓ.டி.பி. பயன்படுத்தப்பட்டிருக்கிறது, எனவே நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள் என்பதே பதிலாக வருகிறது. ஏமாற்றப்படுவதும் அலட்சியமும் ஒன்றா என்ற வினா அங்கே எழுவதில்லை.

தலைநகரில் வழங்கப்பட்ட இரு தீர்ப்புகள் அந்த வினாவை எழுப்பியுள்ளன. இணைய மோசடியில் ரூ.2.6 லட்சத்தை இழந்த பாரத ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் தொடர்ந்த வழக்கில், அவர் உடனடியாக வாடிக்கையாளர் சேவை மையத்துக்குத் தெரிவித்தும் உரிய நேரத்தில் வங்கி செயல்படவில்லை என்று கண்ட தில்லி உயர் நீதிமன்றம், அத்தொகையை வட்டியுடன் திருப்பித் தருமாறு 2024 நவம்பரில் உத்தரவிட்டது.

2025 ஜனவரி 3-ல் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் அதே வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இணையத்தில் வாங்கிய ஆடையைத் திருப்பித் தர விரும்பிய அசாம் மாநில வாடிக்கையாளரை, விற்பனை நிறுவனத்தின் சேவை மையத்திலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் செயலி ஒன்றை நிறுவச் செய்தார். கணக்கிலிருந்து ரூ.94,204 பறிபோனது. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தார். அவரிடம் அலட்சியம் இல்லை என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தின் முடிவை ஏற்ற நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மோசடியைக் கண்டறியச் சிறந்த தொழில்நுட்பம் வங்கிகளிடம் இருக்கும்போது அவை பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. வாடிக்கையாளர்களும் ஓ.டி.பி.யை எவரிடமும் பகிராமல் விழிப்புடன் இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

94 ஆயிரம் ரூபாய்க்காக ஒருவர் 2021-ல் தொடங்கிய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை வந்து 2025-ல்தான் முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் எத்தனை பேரால் இது இயலும்?

செய்ய வேண்டியது என்ன?: கேள்வி கேட்கும் முறையை முற்றிலும் கைவிட முடியாது என்பது வங்கிகளின் வாதம். அதில் நியாயம் உண்டு. பயணத்தில் பணப்பையையும் செல்போனையும் ஒருசேரத் தொலைத்தவர், நள்ளிரவில் வேறொருவரின் தொலைபேசியிலிருந்து அழைத்து அட்டையை முடக்கச் சொன்னால், அவரிடம் ஓ.டி.பி. கேட்பதில் பொருளில்லை. அட்டையை முடக்க எளிய கேள்விகள் போதும். தவறாக முடக்கினாலும் பணம் போகாது. ஆனால் செல்போன் எண்ணை மாற்றவும், முகவரியை மாற்றிப் புதிய அட்டை பெறவும், ரகசிய எண்ணைப் புதுப்பிக்கவும் அதே எளிய கேள்விகள் போதும் என்றிருந்தால் அது ஆபத்து. கதவை மூடுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சோதனை கூடாது.

ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவில், பரிவர்த்தனை மற்றும் சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்களை மட்டுமே பயன்படுத்துமாறு வங்கிகளுக்குக் கூறியது. அழைப்பவர் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்ற திசையில் இது முக்கியமான அடி. அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், மின்னணுப் பணப் பரிவர்த்தனைகளுக்கு இரண்டு தனித்தனிச் சரிபார்ப்புகள் தேவை என்பதை உறுதி செய்ததுடன், எஸ்.எம்.எஸ். வழி ஓ.டி.பி.யை மட்டும் நம்பாமல் பிற வழிகளையும் பயன்படுத்த இடமளித்தது. இந்நெறிமுறைகளைப் பின்பற்றாததால் இழப்பு நேர்ந்தால் அதை அட்டை வழங்கிய நிறுவனமே முழுமையாக ஈடு செய்ய வேண்டும் என்றும் கூறி, 2026 ஏப்ரல் 1-ம் தேதியை நடைமுறை நாளாக அறிவித்தது.

வாடிக்கையாளர் தரப்பிலும் செய்யக்கூடியவை உண்டு. வங்கியிலிருந்து என்று யார் அழைத்தாலும், அவர் எவ்வளவு விவரங்களைச் சொன்னாலும், இணைப்பைத் துண்டித்துவிட்டு அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்குத் தாமே அழைப்பது ஒன்றே பாதுகாப்பு. இணையத் தேடலில் கிடைக்கும் சேவை மைய எண்களை நம்பக் கூடாது. வங்கி ரகசியக் கேள்விக்கான விடையைப் பதிவு செய்யச் சொன்னால், உண்மையான விடையைத்தான் தர வேண்டும் என்பதில்லை. பிடித்த உணவு என்ற கேள்விக்கு, தமக்கு மட்டுமே நினைவிலிருக்கும் தொடர்பற்ற சொல் ஒன்றைப் பதிந்துகொள்ளலாம். வெளிநாட்டு இணையதளங்களில் அட்டையைப் பயன்படுத்தும் தேவை இல்லாதவர்கள் அவ்வசதியை நிறுத்திவைக்கலாம். அதற்கான ஏற்பாட்டைச் செய்துதர 2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது.

பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கும், மத்திய உள்துறை அமைச்சகத்தின் உதவி எண்ணான 1930-க்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே இடையில் உள்ள கணக்குகளில் அதை முடக்க முடியும் என்பதால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். புகாரின் பதிவு எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்வது பின்னர் வழக்குக்கு உதவும். 30 நாள்களில் வங்கி தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அது தொடர்பான விவரங்களை 14448 என்ற எண்ணில் பெறலாம்.

மோசடி செய்வோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகள் வகை செய்கின்றன. 2009 அக்டோபர் முதல் இவை நடைமுறையில் உள்ளன. எனினும், எங்கோ ஒரு மூலையில் இருந்து பேசும் குரலைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதைவிட, அக்குரலுக்குப் பயனில்லாமல் செய்வது எளிது. விலைக்குக் கிடைக்கும் விவரங்களை அடையாளச் சான்றாக ஏற்பதை வங்கிகள் நிறுத்திவிட்டால், அவற்றை வாங்குவோருக்கும் விற்போருக்கும் வேலை குறைந்துவிடும். அதுவரை, தாயார் பெயரைக் கேட்டுச் சோதிக்கும் வங்கி, அந்தப் பெயரை அறிந்த வேறொருவர் பணத்தை எடுத்துச் சென்றால் இழப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமாகாது.